பதினொரு ஜன்னல்களை அடைத்தவர்

கொத்தனாருக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டுக்கு அருகிலுள்ள சந்தில் அவர் கையால் அடைத்த ஜன்னல்கள் பதினொன்று.

இரண்டு வரிசை வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே போகும் சந்து அது. அகலம் ஆறடி, நடுவில் ஒரு வளைவு. மூன்று வருடத்துக்கு முன் அங்கே ஒருவனைக் குத்திவிட்டு ஓடினார்கள். மறுநாள் ஒரு வீட்டில் ஜன்னலை அடைக்கச் சொன்னார்கள். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு. "கண்ணு இருந்தாத்தானே சாட்சிக்கு இழுப்பாங்க" என்றார் ஒருவர். கொத்தனாரும் சிரித்தார். கடைசியாக அடைத்தது சொந்த அக்காவின் சமையலறை ஜன்னலை.

அதன் பிறகு அந்தச் சந்தில் ஏழு வழிப்பறி, இரண்டு கத்திக்குத்து. பார்த்தவர் யாருமில்லை.

போன மாதம், மாலை ஆறரை மணி, அதே சந்து. தையல் கம்பெனியிலிருந்து திரும்பிய மகளின் பையைப் பிடுங்கியவன் கையைக் கிழித்துவிட்டான். ஒன்பது தையல். நான்கு வருடம் பட்டன் தைத்து, அப்போதுதான் துணி வெட்டும் மேசைக்கு உயர்ந்திருந்தாள். சுற்றுவழியில் போனால் நாற்பது நிமிடம் கூடுதல். அதுவும் ஆளில்லாத தண்டவாளத்தை ஒட்டி.

"வேலைய விட்டுடறேன்" என்றாள்.

"கத்தினியாம்மா?"

"தொண்டை கிழியக் கத்தினேன். எட்டிப் பாக்க ஜன்னல் ஏதுப்பா? எல்லாத்தையும் நீங்கதானே அடைச்சீங்க."

மறுநாள் உளியும் சுத்தியலுமாக அக்கா வீட்டில் நின்றார்.

"அடைச்சவனும் நீ, உடைக்கிறவனும் நீயா? நல்ல பொழப்புடா! நான் எதையாவது பாத்துத் தொலைச்சா, என் வீட்டுக்குல்ல வருவானுங்க?"

"நீ பாக்கவே வேணாங்க்கா. விளக்கப் போட்டுச் சமைச்சிட்டு இரு. இங்க ஆள் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும்."

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவ கத்தினது எனக்குக் கேட்டுச்சுடா. டிவி சத்தம்னு நெனச்சிட்டேன்."

அவர் அடைத்த இடத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"கம்பி போட்டுத் தருவல்ல?" என்று கேட்டுவிட்டு, சுவரோரம் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

சுவர் உடைய ஒன்றரை மணி நேரம் ஆனது. அடைத்த அன்று கலவையில் சிமெண்டைத் தாராளமாகவே போட்டிருந்தார்.

மகளுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள். மீதிப் பத்து வீடுகளில் இதுவரை சம்மதித்திருப்பது ஒன்றுதான்; அந்த ஜன்னலை ஞாயிற்றுக்கிழமை உடைக்கிறார்.