மச்சாளும் வீத விதியும்

என் அண்ணையின் மனைவி கமலேஸ்வரி ஸ்ட்ரெதமில் ஒரு தமிழ்க் கடையில் கல்லாவில் நிற்பவ. ஊரில் சண்டையால் விட்ட ரசாயனப் படிப்பை 2009இல் மாலைக் கல்லூரியில் திரும்பத் தொடங்கினா. அதில் சித்தியடைந்தால்தான் ஆய்வுகூட உதவியாளர் பயிற்சிக்கு இடம். செய்முறைப் பரீட்சையில் ஒருமுறை தவறிவிட்டா. இன்னும் ஒரே தடவைதான் விடுவார்களாம்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எனக்குப் பார்க்கத்தான் தெரியும். அதனால் வீட்டுக் குசினியில் அந்தச் செய்முறையைச் செய்து பழகும்போது, நேரம் பார்க்க மணிக்கூட்டை என் கையில் தந்தா.

மருந்துக்கடை அயடினில் விற்றமின் சி கரைத்து ஒரு கிளாஸ். பெரொக்சைட்டும் கஞ்சித் தண்ணியும் மற்றக் கிளாஸ். இரண்டையும் கலந்தால் தெளிவாகவே இருக்கும். பிறகு திடீரென்று நீலமாகும். ரசாயனத் தாக்கம் வேகமானால் நீலம் முந்தி வரும்.

"இதைக் கடைசியில குடிக்கலாமோ?" என்று கேட்டார் அண்ணை.

"முதல்ல நீங்கள் குடிச்சுக் காட்டுங்கோ. நேரத்தை மச்சாள் பாப்பா," என்றா கமலேஸ்வரி, என்னைக் காட்டி.

பெரொக்சைட்டைப் பாதியாக்கினா. நீலம் முதல்முறை வந்த அதே நேரத்துக்குத்தான் வந்தது.

"பாத்தீரே! அது வேகத்தை மாத்தாது. பரீட்சையிலயும் இதைத்தான் எழுதினனான். பிழையாம்."

நான் மெதுவாகச் சொன்னேன்: "மச்சாள், நீங்கள் எல்லாத்தையுமெல்லோ பாதியா விட்டனீங்கள்."

கிளாஸை எடுத்து அளவைத் திரும்பப் பார்த்தா. அரிசியைக் குறைத்தால் தண்ணியையும் குறைக்கிற கை. அளவு குறைந்ததே தவிர, கரைசலின் செறிவு மாறவில்லை.

"அட, சோறெல்லோ வச்சிருக்கிறன்!"

திரும்பவும் தொடங்கினா. பெரொக்சைட் பாதி, குறைந்த இடத்துக்குத் தண்ணி, மற்றதெல்லாம் முன்போல. இம்முறை நீலம் வர இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. செறிவு பாதியானால் வேகமும் பாதி. அப்படிச் சேர்ந்து மாறுவதைத்தான் முதலாம் வரிசை என்கிறது.

"இன்னொருக்காப் பாப்பம்," என்றா. ஒருமுறை சரிவந்ததை அவ நம்பவில்லை. கை பழகும்வரை அந்தக் கிழமை ஏழு நாளும் எங்கள் குசினியில் கஞ்சி வாசம்தான்.

பரீட்சையன்று ஒவ்வொரு பொருளாக மாற்றினாவாம். அயடின் உப்பான அயடைட்டும் முதலாம் வரிசை. அமிலத்தைக் கூட்டியும் வேகம் அசையவில்லை. பக்கத்து மேசைப் பொடியன், "அக்கா, அமிலத்துக்கும் ஏதாவது ஒரு வரிசை எண் போடுங்கோ," என்றானாம்.

"அசையாட்டி அசையேல்லை எண்டுதான் எழுதுவன்," என்று சொல்லி, இன்னொருமுறை செய்து பார்த்துவிட்டு, வேகத்தை மாற்றும் பொருட்களை எழுதுகிற வீத விதியில் அமிலத்தைச் சேர்க்காமல் விட்டா.

சித்தியடைந்தா. கடை முதலாளியிடம் தானே போய், "செப்டெம்பரில இருந்து வரமாட்டன்," என்று சொல்லிவிட்டு வந்தா.