மணல் திட்டில் மாலை ஐந்தேகால் வரை

புரட்டாசிச் சனிக்கிழமை, காலை ஆறேகால். பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, நானும் என் சம்சாரம் மல்லிகாவும் ஓசூரிலிருந்து பைக்கில் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம். அங்கிருந்து காட்டு ரோட்டில் இறங்கினால் காவிரி. வழியில் நான்கு இடத்தில் நிறுத்தி டயரை அமுக்கிப் பார்த்தேன். "இப்படியே அமுக்கிட்டிருந்தா இருக்கற காத்தும் போயிடும்" என்றாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான்: பரிசலில் போய், ஆற்று நடுவே மணலில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும். ஷிப்டு மாற்றி லீவு வாங்கவே எட்டு மாசம் ஆனது.

பத்தரை மணி. பரிசல்காரர் மாதப்பன், ராத்திரி திட்டில் கூடவே தங்கி, போக வர எண்ணூறு ரூபாய் என்றார்.

"நீச்சல் தெரியுமாண்ணா?"

"தெரியாதுங்க."

"அப்ப நடுவுல உக்காருங்க. ஓரத்த அக்காவுக்கு விடுங்க."

திட்டில் இறங்கியும் நான் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. மல்லிகா செருப்பை விட்டுவிட்டுத் தண்ணீரோரமாகவே நடந்தாள். மூன்று மணிக்கே படுக்கும் இடத்தைக் கையால் தட்டிச் சமப்படுத்தினாள், தலைமாட்டில் கொஞ்சம் மேடு வைத்து.

மாலை ஐந்தேகால். மாதப்பன் போனில் கன்னடம் பேசிக்கொண்டிருந்தார். "நீரு பிட்டாய்த்து" என்றது காதில் விழுந்தது. எட்டாவதோடு நின்றவன் நான்; என் கன்னடம் கம்பெனியில் கூட நிற்பவர்களிடம் பொறுக்கியது. தண்ணீர் விட்டாச்சு. மேலே டேமைத் திறந்துவிட்டார்கள், வாடகைக்காக இந்த ஆள் மறைக்கிறார் என்றே நினைத்தேன். நெஞ்சு வலிக்கிறது, கரைக்கு விடுங்கள் என்றேன். மல்லிகா பாயைச் சுருட்டினாள்.

ஆறு மணிக்குக் கரையேறியதும் உண்மையைச் சொன்னேன். மாதப்பன் சிரித்துவிட்டார்.

"அய்ய, கொல்லைக்குத் தண்ணி விட்டாச்சான்னு வீட்ல கேட்டாங்க. காலையிலேயே விட்டாச்சுன்னேன். ராகிக்குண்ணா."

"திரும்பப் போலாமா?" மல்லிகா அவரைத்தான் கேட்டாள்.

"யானை தண்ணி குடிக்க இறங்கற நேரம்க்கா. இனி பரிசல் எடுக்க முடியாது."

அவர் வீட்டுச் சிமென்ட் தரையில், ஃபேனுக்குக் கீழே படுத்தோம்.

ஞாயிறு காலை எட்டு மணி, அஞ்செட்டியில் டீ.

"பொங்கல் லீவுல இன்னொரு வாட்டி வரலாம் மல்லிகா."

"அந்தப் போன் வராம இருந்திருந்தா, நீங்க அங்க தூங்கியிருப்பீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; மாட்டேன் என்றேன்.

"பொங்கலுக்கு நான் என் தங்கச்சியக் கூட்டிட்டு வரேன். நீங்க வீட்ல புள்ளைங்களப் பாத்துக்கங்க."

சரி என்றேன். சொன்ன அந்த நிமிஷம் மனசுக்குள் நிம்மதியாக இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.