நான்தாங்க மாத்துனேன்

எங்கள் புதுக்கோட்டை அலுவலகத்தில் புரோகிராம் எழுதும் நால்வரில் ஒரு பெண்மணியும் இருந்தார். ஆலங்குடி பஸ்ஸில் வருவார். மெலிந்த உருவம், மூக்கு நுனிக்கு இறங்கிவிடும் கண்ணாடி. நாங்கள் எல்லோரும் ஒரே ஃபோல்டரில் வேலை செய்ததால், எந்த ஃபைலைத் திருத்தினாலும் அறை முழுக்கக் கேட்கும்படி, "நான்தாங்க மாத்துனேன்" என்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒருநாள், முந்திரிக் கடை ஒன்றில் எங்கள் பில் போடும் சாஃப்ட்வேர் நின்றுபோனது. கடைசியாகக் கேட்ட குரல் அவருடையது என்பதால் முதலாளி அவரைத் திட்டித் தீர்த்தார். அவர் திருத்திய ஃபைலில் அவருக்குப் பிறகு சத்தமில்லாமல் கைவைத்தவன் நான். வாயைத் திறக்கவில்லை.

மறுமாதம், புரோகிராம்களை இனி எந்த இணையதளத்தில் வைத்துப் பராமரிப்பது என்று முடிவு செய்யக் கூடினோம். மூன்று தளங்களை ஒப்பிட்டு நான் நீளமாகப் பேசினேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்த வரிய யாரு மாத்துனாங்கன்னு அதுல தெரியுமாங்க?"

"மூணுலயும் தெரியும்."

"அப்ப எதுன்னாலும் சரிங்க. இனிமே நான் கத்த வேணாம்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தெரிந்து சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து, பழைய ஃபைல்களை நானே ஏற்றினேன். ஏற்றியவன் நான் என்பதால் எல்லா வரிக்கும் நேரே என் பெயரே வந்து நின்றது, அவர் எழுதியவற்றுக்கும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.