ரத்தம் போய்விட்டது என்று ஒரு சீட்டு

பாறசாலையில் டாக்டர் ஞானையன் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை பார்த்தவள் புஷ்பபாய். மனிதர்கள் உண்மை தெரியாமல்தான் சண்டை போடுகிறார்கள், கண்ணால் கண்டுவிட்டால் அடங்கிவிடுவார்கள் என்று முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில், மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த ஊர்வலம் ஒன்றில் போலீஸ் தடியால் அடித்தது. ஊர்வலத்திலிருந்து தப்பி ஓடிய தாணுமாலயன் என்ற தமிழ்க் கட்சிக்காரன் கண்ணாடிச் சில் பதித்த மதிலில் ஏறி விழுந்து தொடையைக் கிழித்துக்கொண்டான். கூட வந்த ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். “தமிழுக்கு உயிரக் குடுப்போம்” என்று வாசல் வரை கத்தினார்கள். ரத்தம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், “ஒண்ணுக்குப் போயிட்டு வாறேன்” என்று ஒருவன் போனான். திரும்பவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். தாணுமாலயனின் மனைவி கிருஷ்ணம்மா கையை நீட்டினாள். அவளுடைய ரத்தம் சேரவில்லை.

எதிர் பெஞ்சில் நெற்றிக் கட்டோடு பொன்னப்பன் உட்கார்ந்திருந்தான். வெற்றிலை வியாபாரி, மலையாளக் கட்சிக்காரன். அதே ஊர்வலத்தின் கல்தான் அவன் நெற்றியைப் பிளந்திருந்தது. “என்றெ எடுத்தோ” என்று சட்டைக் கையைச் சுருட்டினான்.

அவன் ரத்தம் சேர்ந்தது. தாணுமாலயன் பிழைத்தான். கண்ணாடித் தகட்டில் இருவரின் ரத்தமும் திரளாமல் ஒன்றாகப் பரவியதை கிருஷ்ணம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள் புஷ்பபாய். அன்று புஷ்பபாய்க்குச் சோறு இறங்காத அளவு சந்தோஷம்.

ஒரு மாதம் கழிந்தது. அமரவிளைச் சந்தையில், நூறு பேர் நடுவில் பொன்னப்பன் கைதட்டிக் கூப்பிட்டான். “எடா தாணு! நின்றெ உள்ளில் ஓடுன்னது மலையாள ரத்தமாணு!” சந்தை முழுவதும் சிரித்தது. மறுநாள் பொன்னப்பனின் வெற்றிலைக் கொடிகள் அடியோடு வெட்டப்பட்டுக் கிடந்தன. அதற்கடுத்த நாள் தாணுமாலயனின் கிணற்றில் மண்ணெண்ணெய் மிதந்தது.

தாணுமாலயன் நொண்டிக்கொண்டே புஷ்பபாயிடம் வந்தான்.

“பாயக்கா, அவனுக்க ரத்தம் எனக்க உள்ள இன்னும் கெடக்கா?”

“மூணு நாலு மாசத்துல அது தானே அழிஞ்சு போவும். ஒடம்பு புதுசு உண்டாக்கும்.”

“அப்போ போயாச்சுண்ணு எழுதித் தாங்க. சீல் வேணும்.”

“நீரு உயிரோட நிக்கியது அவராலயாக்கும்.”

“அதாக்கும் எனக்குப் பொறுக்கல்ல.”

அவள் முடியாது என்றாள். ரத்தம் ஏற்றி நான்கு மாதம் முடிந்த அன்று மறுபடி வந்து நின்றான். விரலில் நாள் எண்ணியிருந்தான். “புஷ்பம், எழுதிக் குடு. தொல்ல தீரட்டு” என்றார் டாக்டர். எழுதினாள். சீட்டில் பொய் ஒன்றும் இல்லை. தான் படித்த படிப்பு இந்த ஆளுக்கு இப்படி உதவுகிறதே என்று நினைத்துக்கொண்டே சீலைக் குத்தினாள். அவன் போன பிறகு லைசால் கிருமிநாசினி ஊற்றி மேசையைத் துடைத்தாள், நாற்காலியைத் துடைத்தாள், இரண்டு முறை கை கழுவினாள். சீட்டை அவன் டீக்கடையில் வாசித்துக் காட்டினானாம்.

ஐம்பத்தாறில் எல்லை பிரிந்தது. பாறசாலை கேரளத்தோடு நின்றது. சில வருஷங்களில் எல்லைக்கு அப்பால் தமிழகத்திலிருந்து காரோடு என்ற ஊர் வழியாக அரிசி கடத்துவதில் தாணுமாலயனும் பொன்னப்பனும் கூட்டுச் சேர்ந்தார்கள். அமரவிளையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த புஷ்பபாயின் கண்முன்னே ஒருவன் பீடியில் மற்றவன் நெருப்புப் பற்ற வைத்தான். “பாயக்கா, சொகந்தானே?” என்று இளித்தான் தாணுமாலயன். மன்னிப்பும் கேட்கவில்லை, வெட்கமும் படவில்லை. நடந்ததெல்லாம் இருவருக்கும் மறந்தே போயிருந்தது. கையிலிருந்த டீயைத் தரையில் கொட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

வேலையை அவள் விடவில்லை. ரத்தம் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டாள். யாருடைய ரத்தம் என்று எவராவது கேட்டால், “தெரியாது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.