ஜீப்புக்கு முன்னால் நடந்தவர்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் சர்ச்சில் சாட்சி சொல்கிறவர்களைக்கூடப் பாதிதான் நம்புவேன். இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போன வருடம் என் கொழுந்தன் சதீஷுக்குக் கூடாரப் பைத்தியம் பிடித்தது. காந்திபுரத்தில் கூடாரம், மடக்கு நாற்காலி, தலையில் மாட்டுகிற லைட் என்று வாங்கிக் குவித்தான். சூலூரில் தறி ஓட்டிப் பிழைக்கிற குடும்பம், வீட்டில் கட்டிலும் ஃபேனும் இருக்கும்போது காட்டில் போய்த் தரையில் படுக்க இவ்வளவு ஆர்ப்பாட்டம். ஒரு பழைய ஜீப்பை வாடகைக்கு எடுத்து, என்னையும் என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு, காரமடைக்கு மேலே காப்புக்காட்டுக்குள் போனான். அதை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கே கேவலம். அனுமதிச் சீட்டைப் பார்த்த காவலர், தங்கும் இடத்தைக் காட்டிவிட்டு, "தீ மட்டும் போட்றாதீங்க தம்பி. மரத்து மேல கதண்டுக் கூடு இருக்குதுங்க, பொகை பட்டா அத்தன குளவியும் எறங்கீருமுங்க" என்றார். சதீஷ் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினான்.

இரவெல்லாம் மழை. விடிந்ததும் குளிருகிறது என்று சதீஷ் அந்த மரத்தடியிலேயே தீ மூட்டினான், அதை வீடியோ வேறு எடுத்தான். நானும் வீட்டுக்காரரும் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் தப்பித்தோம். திரும்பி வந்தபோது அவன் முகம் வீங்கி, கண் இரண்டும் மூடி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். போனில் சிக்னல் இல்லை. சீக்கிரம் காரமடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் செத்துப்போவான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அவனைப் பின்னால் படுக்க வைத்துவிட்டு நான் வண்டியை எடுத்தேன். எங்கள் நூல் வேனை தினமும் ஓட்டுகிறவள் நான்தான். வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது, சைடு சொல்ல மட்டும் ஆசை. "வரட்டும், வரட்டும்" என்பார், வண்டி சுவரில் முட்டிய பிறகு "போதும்" என்பார். அன்றைக்கு மூடுபனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் முன்னாடி நடக்கறேன் அம்மணி, கையப் பாத்து வா" என்று இறங்கினார். எரிச்சலாக இருந்தது, ஆனால் வேறு வழியில்லை.

நம்பினால் நம்புங்கள், அன்றைக்கு அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டு இடது, வலது, மெதுவாக என்று காட்டிய கையின்படி திருப்பினேன், சக்கரம் ஒரு குழியிலும் இறங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் முறையாக மனசுக்குள் அவரைப் பாராட்டினேன். ஒரு வளைவில் உள்ளங்கையை விரித்து நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"ஏன் அம்மணி நின்னுட்ட?" என்று வண்டிக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். பின்கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "கெளம்புனதுமே தாழ் உட்டுப்போச்சு. தம்பி உழுந்துருவான்னு கதவப் புடிச்சுட்டே வந்தேன். கத்திச் சொன்னனே, கேக்கலையா?"

முன்னால் யாரும் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தோம். நாலு எட்டுத் தள்ளி, ரோடு மழையில் அறுத்துக்கொண்டு பள்ளத்தில் போயிருந்தது. கை காட்டியவர் நின்ற இடத்தில் நிற்கத் தரையே இல்லை.

ரிவர்ஸ் எடுத்து, காவலர் குடிசைப் பக்கம் போகிற வேறு தடத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சதீஷ் பிழைத்துக்கொண்டான். பின்னால் விஷயம் கேள்விப்பட்ட மாமியார் அது தேவதூதன் என்கிறார், காவலர் காட்டு முனி என்கிறார். தேவதூதனுக்குக் குரங்குக் குல்லா எதற்கு என்று கேட்டால் மாமியாருக்குக் கோபம் வருகிறது. இவர்களையெல்லாம் பேசி மடக்கிவிடலாம்.

வார்டில் வீக்கம் வடிந்து கண் திறந்த அன்று சதீஷ் ஒன்று கேட்டான். அதுவரை அவனிடம் நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணன் பின்னாடி எங்கூட பேசிட்டே வந்துச்சுங்க. வண்டிக்கு முன்னாடி போனது யாருங்கண்ணி? வழி பூராவும் அழுதுட்டே போச்சு."

ஜீப் போட்ட சத்தத்தில் எனக்கு அழுகை எதுவும் கேட்கவில்லை. நான் பார்த்தது கையை மட்டும்தான். அந்தக் குல்லாவுக்குள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது அவன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.