போனவரின் பெயரில் வந்த செய்திகள்

நான் வேலை செய்யும் அலுவலகம் கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் இருக்கிறது. ஒரு தனியார் மருத்துவமனையின் சேர்வர்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. வவுனியாப் பரிசோதனைக்கூடத்தில் எடுக்கும் இரத்த முடிவுகளை வாங்கி, வரிசையில் வைத்து, மருத்துவர்களின் திரைக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்று அதில் ஓடுகிறது. அந்த வரிசைகளில் யார் செய்தி போடலாம், யார் எடுக்கலாம் என்று பயனர் குழுக்களை வைத்து அனுமதி கொடுப்பவள் நான்.

கணக்காய்வு நெருங்கியதால், முழு அதிகாரமுள்ள குழுவைச் சரிபார்த்தேன். முகாமையாளரோடு சண்டை பிடித்து வேலையை விட்டுப்போன ஒருவரின் பெயர் அதில் இன்னும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அருகில் இருந்தவர். நான் அண்ணா என்று கூப்பிடுபவர். பெயரை எடுத்துவிட்டேன். மத்தியானம் பார்த்தால், அதே பெயரில் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

குழுவிலிருந்து எடுத்தாலும், புதுப்பிக்கும் கட்டளை கொடுக்கும்வரை மென்பொருள் பழைய அனுமதியையே நினைவில் வைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் ஆள் போய் இத்தனை மாதத்துக்குப் பிறகு, அந்தப் பெயரில் யார் அனுப்புகிறார்கள்?

முகாமையாளர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அவன்தான். கோவத்தில போனவன். கட்டளையைக் குடுங்கோ பிள்ளை. நான் பொலிசுக்குப் பேரைக் குடுக்கிறன்."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருவரின் பெயர் பொலிசுக்குப் போனால் இலேசில் திரும்பி வராது. விசாரணை முடிந்த பிறகும் யாராவது வீட்டுப் படலையில் வந்து நிற்பார்கள்.

"சேர், அவரிட்ட ஒருக்காக் கேப்பம்."

"கள்ளனிட்டயே கேக்கிறது?"

அவர் கையில் தொலைபேசி இருந்தது. நான் என்னுடையதை எடுத்து அண்ணாவை அழைத்தேன். துணுக்காயில் வயலில் நின்றார். உழவு இயந்திரத்தின் இரைச்சலில் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

"அது நானில்லைத் தங்கச்சி. வவுனியாவில இரத்த முடிவு அனுப்புற புரோகிராம். அதுக்கெண்டு தனிக் கணக்குத் தரச் சொல்லிச் சேரிட்டக் கேட்டுக் களைச்சுப் போனன். இரத்தம் சோதிக்கிற மிசின் வந்திட்டுது, வருத்தக்காரர் முடிவுக்குக் காத்திருந்தவை. என்ர பேரில ஓடவிட்டன். நீங்கள் இப்ப கட்டளை குடுத்தால் எல்லாம் நிண்டிடும்."

ஒலிபெருக்கியில் முகாமையாளருக்கும் கேட்டது. அவர் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

புதிய கணக்கு ஒன்றும் அதற்கொரு தனிக் குழுவும் உருவாக்கி, அந்த ஒரு வரிசையில் செய்தி போட மட்டும் அனுமதி கொடுத்தேன். வவுனியாப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் தொலைபேசியில் புரோகிராமைப் புதுக் கணக்கில் திரும்ப ஓடவிடச் சொன்னேன்.

"அனுமதி இல்லையெண்டு வருதக்கா," என்றாள். "டொக்டர் ஒரு முடிவுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார். ஒப்பரேசனுக்கு ஆளை ஏத்தவேணுமாம்."

"முடிவை டொக்டருக்குப் போனில வாசிச்சுச் சொல்லுங்கோ. நான் பாக்கிறன்."

பழைய பெயரிலேயே திரும்ப ஓடவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. வரிசைக்கு அனுமதி கொடுத்த நான், சேர்வரில் உள்ள மென்பொருளோடு இணைவதற்கான அனுமதியைக் கொடுக்கவில்லை. வாசலைப் பூட்டிவிட்டு அறையைத் திறந்து வைத்திருந்தேன். அதையும் கொடுத்தேன்.

"போகுதக்கா," என்றாள் அவள். அதன் பிறகே புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். செய்திகள் நிற்கவில்லை.

கணக்காய்வாளரிடம் முகாமையாளர், "அது எங்கட பிழை," என்று மட்டும் சொன்னார். அண்ணாவிடம் அவர் பேசவேயில்லை.

நான் பேசினேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் நோயாளியைப் பற்றிக் கேட்டார். ஒப்பரேசன் முடிந்து ஆள் சுகம் என்றேன்.

"என்ர பேர் இப்ப ஒண்டிலையும் இல்லைத்தானே?"

"இல்லையண்ணா."

"ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுங்கோ, தங்கச்சி. நான் லைனில நிக்கிறன்."

அவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு சேர்வராகத் திறந்து அவர் பெயரைத் தேடினேன்.