கட்டிலுக்கு அடியில் அரை டன்

படுக்கையறைப் பக்கமிருந்து முதலில் கட்டில் பலகை முனகிக்கொண்டு தூக்கப்படும் சத்தம் வந்தது. பின்னாலேயே கல்லோடு கல் மோதுகிற 'டொக்'. சற்று இடைவெளி விட்டு இன்னொரு 'டொக்'.

முன்பக்க மேசையில் காகித உறைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆர்டித் தலையை நிமிர்த்தினாள். சத்தம் வந்த இடத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்புக் கதவுதான். அவர்களுடைய வீடே சக்கரத்தின் மேல் இருந்தது. முன்னால் ஸ்டியரிங், நடுவில் அடுப்பு, பின்னால் கட்டில். ஒன்பது வருடமாக அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலமும் வடக்கே எங்காவது கோடையுமாக அந்த வீட்டு வண்டியில்தான் குடித்தனம்.

"டெல்மர், அங்க என்ன பண்ற?"

பதிலாக வந்தது இன்னொரு 'டொக்.'

அவள் உடனே எழுந்து போகவில்லை. கையில் டீசல் என்று எழுதிய உறை இருந்தது. மாதம் பிறந்தால் ஓய்வூதியத்தைச் சாப்பாடு, மருந்து, டீசல், சில்லறைச் சந்தோஷம் என்று நான்கு உறைகளில் பிரித்துப் போடுவது அவள் வழக்கம். இந்த வருடம் டீசல் உறைக்குப் பேய்ப்பசி பிடித்துக்கொண்டது. முதலில் சில்லறைச் சந்தோஷத்தைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் சாப்பிடும் முட்டையும் பன்றி இறைச்சியும் போயின. அடுத்து சாப்பாட்டு உறையில் வாய் வைத்தது. பீன்ஸே இரவுக்கும் காலைக்கும் ஆயிற்று. ஆர்டித்தின் கடைவாய்ப் பல்லுக்கு உறை போடுவதாக இருந்த மருந்துப் பணமும் கரைந்தது. எரிபொருள் நிலையத்தின் விலைப் பலகையைக் கடந்து போகும்போதெல்லாம், யாரோ செத்துப்போன வீட்டைக் கடப்பவள் போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவர்களுக்கு மட்டுமல்ல. பாலைவன முகாமில் பக்கத்து வண்டித் தம்பதி அலாஸ்காவுக்கென்று வரைபடம் வாங்கி வைத்தவர்கள். இப்போது அறுபது மைல் தள்ளியுள்ள ஏரியோடு நிறுத்திக்கொண்டார்கள். எதிர்ச்சாரிக்காரர் வண்டியை விற்பதாகச் சன்னலில் அட்டை ஒட்டியிருந்தார். வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு காலன் டீசலுக்கு எத்தனை மைல் போகும் என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டு நடந்தார்கள்.

ஆனால் ஆர்டித்தால் ஏரியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஐடஹோவிலிருந்து லைல் கூப்பிட்டிருந்தான்.

லைல் அவர்களுடைய ஒரே மகன். ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவன். அவன் பிறந்து வளர்ந்த வீட்டை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்று இந்த வண்டியை வாங்கினார்கள் என்பதுதான் கோபம். வீட்டைக் காலி செய்த அன்று, அப்பா தான் பொறுக்கிச் சேர்த்த கற்களைப் பெட்டி பெட்டியாக வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "இந்தக் கல்லுக்கெல்லாம் ஒரு வீடு இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு சரி. அந்த வார்த்தை ஆர்டித்தின் நெஞ்சில் ஒன்பது வருடம் முள்ளாக நின்றது.

போன மாதம் அந்தக் குரல் தொலைபேசியில் வந்தது. மனைவிக்கு மே மாத ஆரம்பத்தில் பிரசவம் என்றான். வீட்டுப் பக்கத்தில் சிமெண்ட் தளம் போட்டு, மின்சாரமும் தண்ணீரும் இழுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்டோட வாங்கம்மா" என்றான். தளம் முப்பத்தாறு அடி நீளம். அவர்கள் வண்டியின் நீளம் அது. கேட்காமலே அவனுக்கு அது நினைவிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் நிறைந்துவிடும்.

ஏப்ரல் நடுவில் பாலைவனத்தில் தங்கும் அனுமதி முடிகிறது. பிறகு இங்கே அடிக்கிற வெயிலில் தகரக் கூரையின் கீழ் மனுஷன் இருக்க முடியாது. உறையில் இருக்கும் பணமோ நெவாடா பாதி வரைக்கும்தான் வரும். மீதிப் பாதிக்கு ஒரே வழி, வண்டியை இளைக்க வைப்பது. அதைத்தான் அவள் மும்முரமாகச் செய்துகொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தாள். இரும்பு வாணலிகள் போயின. தட்டுகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். அப்படியும் நேற்று லாரிகள் நிறுத்துமிடத்துத் தராசில் வண்டியை ஏற்றியபோது, பின்சக்கரங்களின் எடையைப் பார்த்து அங்கிருந்த ஆள் புருவத்தை உயர்த்தினான். பின்னால் என்ன, யானையா வளர்க்கிறீர்கள் என்று கேட்டான்.

திரும்பி வந்ததும் அவள் தன் தையல் மெஷினைத் தூக்கிப் பக்கத்து வண்டிக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா கொடுத்தது. டெல்மர் வாசற்படியில் நின்று பார்த்தார்.

'டொக்.'

ஆர்டித் தடுப்புக் கதவைத் தள்ளினாள்.

கட்டில் பலகை மேல்நோக்கி நின்றது. அதன் கீழே மெத்தை அகலத்துக்கும் நீளத்துக்கும் கற்கள். உருளைக்கிழங்கு மண்டியைத் திறந்தது போல, மண் நிறத்தில், சொறி பிடித்த தோலோடு, முஷ்டி அளவிலும் தலை அளவிலும் அடுக்கடுக்காகக் கற்கள். டெல்மர் முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் வெளிப்பெட்டியில் நாலைந்து கல் கிடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மீதியை அவர் எப்போதோ விட்டுவிட்டார் என்று நம்பியிருந்தாள்.

"இத்தனையும் இங்கயா இருந்துச்சு?"

"வேற எங்க வைக்கிறது."

"நேத்து என் தையல் மெஷினத் தூக்கிக் குடுத்தேன். நீ மரம் மாதிரி நின்னு பாத்த."

"அதான் ராத்திரி தூங்கல," என்றார் டெல்மர். "கல் அறுக்குற மேவிஸ வரச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் எடுத்துக்கட்டும்."

அவள் வாயில் வந்த வசவு அப்படியே நின்றது. டெல்மர் கல்லைக் கொடுப்பதா?

முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்த மனிதர் அவர். எஞ்சின் இருமுவதை வைத்தே எந்த இடத்தில் வலி என்று சொல்வார். அந்த முப்பது வருடமும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆரிகன் மலைச்சரிவில் மண்ணைக் கிளறுவார். அங்கே கிடைக்கும் இந்த உருண்டைகளை இடிமுட்டை என்பார்கள். வெளியே அழுக்கு, உள்ளே என்ன என்பது அறுத்தால்தான் தெரியும். எல்லாரும் அறுத்துப் பார்க்கத்தான் பொறுக்குவார்கள். டெல்மர் ஒன்றைக்கூட அறுத்ததில்லை. கல் அறுக்கும் வாள் வாங்கக் காசில்லை என்பார். பிறகு நேரமில்லை என்பார். இது ஒரு வகைக் கஞ்சத்தனம் என்று அவள் முடிவு கட்டி வெகுகாலம் ஆகிறது.

டெல்மர் மூலையிலிருந்து ஆப்பிள் அளவுள்ள ஒரு கல்லை எடுத்து, மற்றவற்றோடு வைக்காமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"அது என்ன தனியா?"

"லைல் தோண்டினது. ஏழு வயசுல. உன்னோட குழிக்கரண்டிய வச்சுத் தோண்டினான்."

ஆர்டித்துக்கு அந்தக் கரண்டி நினைவு வந்தது. கழுத்து வளைந்து திரும்பி வந்த கரண்டி. அன்றைக்கு இருவரையும் திட்டித் தீர்த்திருந்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து அறுக்கலாம்பான்னு சொன்னான். சரின்னேன். அப்புறம் அப்படியே தள்ளிப் போச்சு. அவன் இல்லாம மத்தத அறுக்கவும் மனசு வரல." அவர் குரல் தழைந்தது. "வண்டில ஏறுன பெறகு, நாம நின்ன எடத்துல எல்லாம் ஒன்னு எடுத்தேன். என்னைக்காவது வந்தான்னா, இந்த ஊருக்குப் போனோம், இங்க நீ இருந்திருக்கணும்னு காட்டலாம்னு."

ஆர்டித் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எரிந்துபோன டீசலையும் விட்டுக்கொடுத்த காலைச் சாப்பாடுகளையும் நினைத்து ஆத்திரப்பட வேண்டியவள், தரையில் கிடந்த கற்களையே பார்த்தாள். ஒன்பது வருடம், மலை ஏறி, கணவாய் இறங்கி, இந்த மனுஷன் தன் மகனோடு பேச நினைத்ததையெல்லாம் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். அவளோ அதன் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

வெளியே யாரோ கதவைக் குத்தினார்கள்.

"தள்ளணுமா இழுக்கணுமா? ஒவ்வொரு தடவையும் இந்தக் கதவோட மல்லுக்கட்டணுமா நான்?"

ஆர்டித் ஓடிப்போய் இடுப்பால் ஒரு இடி கொடுத்தாள். வண்டி வாங்கிய கொஞ்ச நாளிலேயே கதவு நிலை கோணிக்கொண்டது. உள்ளிருந்து திறக்க இடுப்பு வேண்டும், சாத்த இரண்டு கை வேண்டும். மேவிஸ் உள்ளே வந்தாள். மூன்று சாரி தள்ளிக் கூடாரம் போட்டுக் கல் அறுத்து விற்பவள், ஆறடி உயரம், அழுக்குக் கால்சட்டை, கையெல்லாம் எண்ணெய்.

கட்டிலைப் பார்த்ததும் அவள் தொப்பியைக் கழற்றினாள்.

"அட கெழவா, பொண்டாட்டிய முட்டை மேல அடைகாக்க வச்சிருக்கியே."

டெல்மருக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

மேவிஸ் நேராகவே பேசினாள். டீசல் விலையால் இந்த வருடம் பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள், அதனால் உருளைக்கிழங்கு விலைக்குத்தான் எடுக்க முடியும் என்றாள். ஆனால் அந்தப் பாலைவனத்தில் கல் வியாபாரத்துக்கு ஒரு முறை உண்டு. மொத்தமாக வாங்குகிறவர், விற்கிறவர் கையால் எடுத்துக் கொடுக்கும் ஒரு கல்லை அவர் கண்ணெதிரே அறுத்துக் காட்டியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் விலை பேசிக் கை குலுக்குவார்கள். ஏமாந்தேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக.

டெல்மரின் கை சட்டைப் பையைத் தொட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு குவியலில் துழாவி ஒன்றை எடுத்தார்.

மேவிஸின் கூடாரத்தில் வாள் ஓட ஆரம்பித்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட, அவசரமே இல்லாமல் அது கல்லுக்குள் இறங்கியது. டெல்மர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டித் அவர் தோளில் கை வைத்தாள். கடைசியில் வாளின் குரல் மாறி, கல் இரண்டாக விழுந்தது. மேவிஸ் ஒரு பாதியை எடுத்துத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

சொறிபிடித்த அந்தத் தோலுக்குள் ஒரு நட்சத்திரம் இருந்தது. அதன் ஐந்து முனைகளுக்குள் நீலம், விடிவதற்கு முன் வானம் இருக்குமே அந்த நீலம், அடுக்கடுக்காக வெளுத்துக்கொண்டே போய் நடுவில் தண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது. அந்தத் தெளிவின் விளிம்பில் பொடிப்பொடியாகப் படிகங்கள். மேவிஸின் கை லேசாக அசைந்தபோது எல்லாம் ஒருசேர மினுங்கின. மனிதர்கள் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால் இது உள்ளே உருவாகி, இருட்டில், யாரும் பார்க்காமல் இப்படியே இருந்திருக்கிறது. இவர்கள் பீன்ஸ் தின்ற இரவுகளிலும், டீசல் உறையைத் தடவிப் பார்த்த காலைகளிலும், முதுகுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இது இருந்திருக்கிறது. ஆர்டித் கோயிலில் நிற்பவள் போலக் கைகளைச் சேர்த்துக்கொண்டாள்.

டெல்மர் அந்தப் பாதியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருடைய கன்னத்தில் நீர் இறங்கியதை அவர் துடைக்கவில்லை.

முதலில் பேசியவள் மேவிஸ்தான். "இருபத்தஞ்சு வருஷமா அறுக்கறேன். இப்படி ஒன்னு பாத்ததில்ல. உருளைக்கிழங்கு விலைன்னு சொன்னேனே, அத மறந்துடுங்க." பிறகு சொன்ன விலையில் ஐடஹோ வரைக்கும் டீசல் இருந்தது. ஆர்டித்தின் பல்லும் இருந்தது. "எதுக்கும் யோசிச்சுக்க கெழவா. மத்ததுலயும் இந்த மாதிரி இருந்தா, நீ எங்கிட்ட ஏமாந்ததாயிடும்."

"இன்னும் ஒன்னு ரெண்டு அறுத்துப் பாத்துடலாமே டெல்மர்," என்றாள் ஆர்டித். அவளுக்கே ஆசை தாங்கவில்லை.

டெல்மர் தலையை ஆட்டினார். "வேணாம். பாத்தா விட முடியாது. அப்புறம் பெத்த பிள்ளையப் பாக்காம இங்கயே ஒக்காந்துருவேன்."

கை குலுக்கினார்.

இத்தனை வருடம் பார்க்காமல் காத்ததை, ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டு, மீதியை அப்படியே எடுத்துக் கொடுக்கிற மனசு எங்கிருந்து வந்தது இந்த மனுஷனுக்கு? நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது புரியவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்த அதே கண்ணால் அவரைப் பார்த்தாள்.

கற்களை இறக்க மத்தியானம் வரை ஆயிற்று. டெல்மர் சன்னல் வழியாக ஒவ்வொன்றாக நீட்ட, மேவிஸ் வாங்கித் தள்ளுவண்டியில் போட்டுப் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டினாள். இடையிடையே டெல்மர் ஒரு கல்லை நிறுத்தி, "இது உட்டா. அன்னைக்குப் பனி பேஞ்சுது" என்பார். "சரி, நீட்டு" என்பாள் மேவிஸ். வண்டியின் பின்பக்க இரும்புப் பட்டைகள் அவ்வப்போது நெட்டி முறித்தன. கடைசிக் கல் போனதும், படுத்திருந்த மாடு பின்னங்காலில் எழுவது போல வண்டி ஓர் அசைவு அசைந்து நின்றது. அடுப்பின் மேல் எப்போதும் சரிந்தே நிற்கும் காபி, கிண்ணத்துக்குள் சமமாக நின்றது. அதை இருவரும் குனிந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மேவிஸ் உள்ளே வந்து பணத்தை மேசையில் வைத்தாள். ஆர்டித் அதை டீசல் உறைக்குள் போட்டாள். உறை கொழுத்தது. ஆனால் இந்தத் தடவை அவளுக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. அறுத்த கல்லின் இரண்டு பாதிகளில் ஒன்றை மேவிஸ் காகிதத்தில் சுற்றி அவள் கையில் வைத்தாள்.

"பாதி எனக்கு, பாதி பொறக்கப்போற பிள்ளைக்கு. வேணாம்னு சொல்லாதீங்க, எனக்குச் சண்டை போட நேரமில்ல."

ஆர்டித் அவளைக் கட்டிக்கொண்டாள். மேவிஸுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. கூச்சத்தோடு அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். பிறகு டெல்மரைப் பார்த்து, அவருடைய சட்டைப்பை கனத்துத் தொங்குவதைப் பார்த்து, கண்ணைச் சிமிட்டினாள்.

"அத எப்ப அறுக்கப் போறீங்க?"

"அவன் வாள் வாங்கினதும்," என்றார் டெல்மர்.

"ஐம்பதுக்கு மேல ஓட்டாதீங்க. டீசல் மிச்சமாகும்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். வழக்கம்போல ஆர்டித் இரண்டு கையாலும் கதவை இழுத்துச் சாத்தத் தயாரானாள். அவசியமே இருக்கவில்லை. மேவிஸ் வெளியிலிருந்து ஒரு விரலால் தள்ளியதற்கே கதவு தானாக வந்து, 'க்ளிக்' என்று சாத்திக்கொண்டது.